கொட்டியாரக் குடாவின் பாசிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருகோணமலையைப் பற்றிப் பேச எழுகின்றவர் யாவரும் அதன் ஆழத்திலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்து இத்துறைமுகத்துக்காகப் பொருதியதும், 1782 ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்கும் கைமாறியதும், நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின் 1957 இலேயே பிரித்தானியக் கடற்படை இவ்விடத்தை விட்டு நீங்கியதும், பெருங்கலங்கள் அச்சமின்றி நங்கூரமிடத்தக்க இவ்வாழத்தின் பொருட்டே. ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட ஜீவராசிகளுக்கு அந்த ஆழத்தால் யாதொரு பிரயோசனமும் இல்லை. வெளிச்சத்தை உணவாக்கி வாழும் அவற்றுக்குச் சூரிய கிரணம் புகும் மேல்நீரே உலகம். எவ்வளவு தெளிந்த சமுத்திரமாயினும் இருநூறு மீற்றருக்குக் கீழே அவ்வுலகம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பகாமாத் தீவுகளுக்கு அருகில் 268 மீற்றர் ஆழத்தில் பாறையோடு ஒட்டி வாழும் செந்நிறச் சுண்ணப்பாசி ஒன்றை 1984 இல் கண்டுபிடித்து விஞ்ஞானிகள் வியந்தார்கள் என்றால், அது விதிக்கு விலக்கு என்பதனாலேயே வியந்தார்கள்.

பாசி என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஓர் அருவருப்பு: கேணிப் படியில் கால் வழுக்கச் செய்வது, தோணியின் அடியில் படிந்து வேகத்தைக் குறைப்பது, வலையில் சிக்கி நாளைக் கெடுப்பது. பாடசாலையில் ‘அல்கா’ என்னும் பெயரோடு அதனைப் படித்துப் பரீட்சை எழுதி மறந்தவர்களும் இச்சபையில் பலர் இருக்கக்கூடும். மறந்ததை நினைவூட்டுவது மட்டும் என் நோக்கமன்று; நான் சொல்ல வந்தது இதுவே: பாசி தன்னளவில் நமக்கு நண்பனும் அல்ல, பகைவனும் அல்ல. நீரில் எது கரைந்திருக்கிறதோ, எவ்வளவு கரைந்திருக்கிறதோ, அதற்கு இசைந்த பாசி அங்கே தோன்றுகிறது. ஆகவே இத்துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவின் பாசிகளை அறிய விரும்புகின்றவன் மூதூர்க் கரையில் முழந்தாளளவு நீரில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. அக்குடாவில் வந்து விழும் மகாவலி எந்த மலைகளில் பிறந்து, எந்த வயல்களைக் கழுவிக்கொண்டு வருகிறதோ, அவ்வளவு தூரமும் அவன் பார்வை செல்லவேண்டும். குடாவை மகாவலியின் கணக்கேடு என்று சொன்னால் அது மிகையாகாது. இவ்வாறான விஞ்ஞானப் பொருளைத் தமிழில் ஒரு பொதுச்சபைக்கு எடுத்துரைப்பதும் இவ்வூருக்குப் புதிதன்று. இங்குள்ள இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர், கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர் என்பதைச் சபையோர் அறிவீர்கள்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளவேண்டும். பாசிகள் யாவும் ஒரே குலத்தில் தோன்றியவை அல்ல. நீலப்பச்சைப் பாசி என்று நாம் அழைப்பது உண்மையில் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஒட்சிசன் இல்லாதிருந்த இப்பூமியின் வாயுமண்டலத்தில் முதன்முதலாக அவ்வாயுவை நிரப்பத் தொடங்கியது அக்குலமே. பின்னர் எக்காலத்திலோ ஓரணு உயிரொன்று அத்தகைய நீலப்பச்சைப் பாசியை விழுங்கி, செரிக்காமல் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது; அவ்விசித்திரமான உடன்வாழ்க்கையின் சந்ததியே பச்சைப்பாசிகளும் சிவப்புப்பாசிகளும், பச்சைப்பாசிகளின் வழியே தோன்றிய நிலத்துத் தாவரங்கள் அனைத்தும். அதன் பின்னர் வேறோர் உயிர் ஒரு சிவப்புப்பாசியையே விழுங்க, அந்த இரண்டாம் விழுங்கலின் வழித்தோன்றல்களாகப் பழுப்புப்பாசிகளும் தயற்றம் என்னும் நுண்பாசிகளும் வந்தன. இதன் விளைவாக நேரும் உறவுமுறைகள் நம் கண்ணுக்கு முற்றும் மாறானவை. கேணியில் மிதக்கும் பச்சை நூற்பாசியும் தம்பலகாமத்து வயலில் ஆடும் நெற்பயிரும் நெருங்கிய உறவினர். இலையும் தண்டும் காற்றுப்பையும் உடையதாய்ச் செடிபோலவே தோன்றிக் கரையில் ஒதுங்குகின்ற, இராமநாதபுரக் கரையார் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசமோ அவ்விரண்டுக்கும் அந்நியன்.

உலகத்தில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நிகழ்கிறது. அதனைச் செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத மிதவைப் பாசிகள். அவற்றுள் மிகச் சிறியதும், எண்ணிக்கையில் மிகப் பெரியதுமாகிய புரோகுளோரோகொக்கஸ் என்பது, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியதாகையால், 1980 களில்தான் மனிதர் அறிவுக்கு எட்டியது. சமுத்திரத்தில் கப்பலோட்டி ஐந்நூறு ஆண்டுகளாக உலகைச் சுற்றியவர்கள் நாளும் அதன்மீதே மிதந்தும் அதனை அறியாதிருந்தார்கள்.

இலங்கைப் பாசிகள் ஆராய்ச்சியாளரின் கண்ணுக்குத் தப்பியவை அல்ல. கடற்பாசிகளின் வகைப்பாட்டில் பெரும் பெயர் பெற்ற அயர்லாந்து நாட்டு ஹார்வி 1850 களில் இத்தீவுக்கு வந்து மாதிரிகள் சேகரித்தார். சுவீடன் தேசத்து ஸ்வெடேலியஸ் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து கோலேர்ப்பா என்னும் பச்சைப்பாசியின் இனங்களை ஆராய்ந்தார். இலண்டன் பேராசிரியர் ஃபிரிட்ச் இத்தீவின் நன்னீர்ப் பாசிகளையும், மரப்பட்டையிலும் சுவரிலும் படரும் பாசிகளையும் கண்டு, வெப்பமண்டலப் பாசிகளைப் பற்றி 1907 இல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பாசியியலுக்கு அடிகோலிய எம். ஓ. பி. ஐயங்கார் தாம் கண்ட புதிய பாசியொன்றுக்கு அந்த ஃபிரிட்சின் பெயரையே சூட்டி ஃபிரிட்சியெல்லா என வழங்கினார். பெயர் சூட்டுவதில் அக்காலத்து அறிஞரிடம் இருந்த மரியாதை நினைக்கத்தக்கது.

நீலப்பச்சைப் பாசியை முதலில் வயலில் காண்போம். டாக்காவில் பணியாற்றிய பி. கே. டே என்பவர் 1939 இல், நீர் நிறைந்த நெல்வயலில் ஆண்டாண்டாக உரமின்றியும் விளைச்சல் குன்றாதிருப்பதற்குக் காரணம், அந்நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பதே என்று நிறுவினார். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களிலும் மூதூர் வயல்களிலும் தலைமுறைகள் பல உண்ட சோற்றில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. இதே குலத்துப் பாசி வேறொரு நீரில் என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பின்னர் சொல்வேன்.

தம்பலகாமக் குடாவுக்கு வருவோம். சேறு படிந்த, ஆழமற்ற அந்த நீரில், வட்டமாய்த் தட்டையாய், ஒளி ஊடுருவுமளவு மெல்லிய ஓடுடைய ஒரு சிப்பி வாழ்ந்தது. கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் அச்சிப்பியின் ஓட்டைக் கண்ணாடிக்குப் பதிலாகச் சாளரங்களில் பதித்தார்கள். நம்மவர் அதனுள் விளையும் சிறுமுத்துக்காகக் குளித்தார்கள். இராணுவ மருத்துவராயிருந்து இத்தீவின் இயற்கை வரலாற்றில் தோய்ந்த கெலார்ட், 1858 க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பிகள் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்குக் குறையா என்று மதிப்பிட்டார். ஒரு சிறு குடாவிலிருந்து மூன்று ஆண்டில் ஒரு கோடியே எண்பது இலட்சம் சிப்பி! 1906 இல் கடலுயிர் ஆய்வாளர் ஹோர்னெல் அச்சிப்பிப் படுகையைப் பற்றித் தனியே எழுதினார். இவ்வளவு உயிரும் எதனை உண்டு பெருகின? சேற்று நீரை வடித்து அதிலுள்ள தயற்றங்களை உண்டே பெருகின. தயற்றம் என்பது இரண்டு பளிங்கு ஓடுகள் ஒன்றினுள் ஒன்று சற்றே செருகிப் பொருந்த, அவற்றினுள்ளே பொன்னிறப் பொருளொன்றைப் பொதித்துக்கொண்டு மிதக்கும் ஓரணு உயிர். அவ்வோட்டுக்கு வேண்டிய சிலிக்காவை ஆறுகளே மலைப்பாறையிலிருந்து கரைத்துக் கொண்டுவருகின்றன. வாடைக்காலத்தில் வெள்ளம் செந்நிறமாய்க் கலங்கி வந்து விழுந்து, பின் நீர் தெளியும்போது, தயற்றங்களுக்குப் பொன்னான பருவம் பிறக்கிறது. முத்தைச் சிப்பிதான் ஈன்றது. அதற்கு உணவூட்டியவை கண்ணுக்குத் தெரியாத பாசிகள். அவற்றுக்குப் பொருள் கொடுத்தது ஆறு.

இனி நான் அதிக நேரம் தங்க விரும்பும் பாசிக்கு வருகிறேன். கொட்டியாரக் குடாவின் ஆழமற்ற பகுதிகளில், மணலும் சேறும் கலந்த தரையில், உடைந்த சிப்பியிலோ சிறு கல்லிலோ ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு சிவப்புப்பாசி உண்டு. விஞ்ஞானிகள் அதனைக் கிரசிலேரியா எடுலிஸ் என்பர். நம்மவர் கஞ்சிப்பாசி என்பர். நீரிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் அது சிவப்பாகவே இராது: கருமை கலந்த ஊதா, சில இடத்தில் பச்சை கலந்த பழுப்பு. உருண்ட நூல்போன்ற தண்டு, இரண்டிரண்டாகப் பிரிந்து பிரிந்து நுனியில் கூர்மையாய் முடியும், விரலால் முறித்தால் ‘பட்’டென்று முறியும், முறிந்த வாயில் வழுவழுப்பான பசை தோன்றும். அதனை நன்னீரில் அலசி வெயிலில் பரப்பி, மறுபடியும் நனைத்து மறுபடியும் உலர்த்தி வந்தால், சிவப்பு நிறப்பொருள் நீரோடும் வெயிலோடும் கழன்றுபோக, சில நாளில் அது வைக்கோல் நிறத்து வெண்மையை அடைகிறது. அதன் பின்னரே அது விற்பனைக்குரியது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் இதன் அருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஊறவைத்த பாசியை நீரில் கரையும்வரை கொதிக்கவைத்து, துணியில் வடித்து, பாலும் சீனியும் சேர்த்து, தட்டில் ஊற்றி வைத்துவிட்டால், குளிர்ப்பெட்டியின் உதவியின்றியே, அடுக்களையின் வெக்கையிலேயே அது உறைந்து துண்டு போடுவதற்கு ஆயத்தமாகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஒரு பெரிய விஞ்ஞான சரித்திரம் அடங்கியிருக்கிறது. இப்பாசியின் செல்சுவரிலுள்ள அகர் என்னும் பொருள் கொதிநீரில் கரைந்து, ஏறக்குறைய 35 பாகை வெப்பத்துக்கு ஆறும்போது உறைகிறது. ஆனால் உறைந்ததை மறுபடி இளக்கவேண்டுமானால் 85 பாகை வரை சூடேற்றவேண்டும். உறையும் வெப்பத்துக்கும் உருகும் வெப்பத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பது பொருள்களுள் மிக அரிது.

ஜேர்மனியில் றொபேட் கோக் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முயன்ற காலத்தில், கிருமி வளர்வதற்குரிய உடல்வெப்பத்தில் விலங்கின் எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் உருகி ஓடிவிடுவது அவருக்குப் பெருந்தடையாயிருந்தது. அவரிடம் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தம் வீட்டுப் பழக்கூழும் இனிப்பும் கோடைவெயிலிலும் உருகாதிருப்பதற்குத் தாம் சேர்க்கும் அகரே காரணம் என்று 1881 இல் எடுத்துச் சொன்னார். அப்பழக்கம் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலார் வழியாக அவருக்கு வந்தது. கீழைத்தேயத்து அடுக்களை அறிவு அவ்விதமாக ஆய்வுகூடத்தின் கண்ணாடித் தட்டில் ஏறியது. மறு ஆண்டில் கோக் சயரோகக் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அகரின் பெயரை அவர் தம் கட்டுரையில் குறித்தார். அதனைச் சொன்ன பெண்ணின் பெயரைக் குறிக்கவில்லை. அதற்கும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு முன்னரே, கல்கத்தாவில் மருத்துவராயிருந்த ஓ’ஷாக்னெஸி நம் கரைகளில் விளையும் இதே பாசியைச் சோதித்து, அதில் பாதிக்கு மேல் கூழ்ப்பொருளே உள்ளது என்று கணித்து, நோயாளருக்குரிய உணவென்று எழுதியதால், ‘இலங்கைப் பாசி’ என்னும் பெயர் மேனாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்றது.

அகரை உலகுக்கு விற்றது யப்பான். மருத்துவமனையின் சோதனைக்கும் மருந்து தயாரிப்புக்கும் இன்றியமையாத அப்பொருள், 1941 டிசம்பரில் யப்பான் போரில் இறங்கியதும் நேச நாடுகளுக்கு ஒரே நாளில் எட்டாப் பொருளாயிற்று. நான்கு மாதங்கள் கழித்து, 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையின்மீது குண்டு பொழிந்தன. எண்ணெய்க் குதங்களும் கப்பல்களும் எரிந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்தத் தேசம் அகரை அடைத்து வைத்திருந்ததோ அத்தேசத்தின் விமானங்கள் பறந்த அதே குடாவின் தரையில், அகர் தரும் பாசி அலையோடு அசைந்துகொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் இவ்வினப் பாசியிலிருந்து அகர் எடுக்கும் முயற்சிகள் அப்போர்க்காலத்திலேயே நடந்தன. இங்கே அவ்வளம் முறையாக எழுதப்பட்டது போரின் பின்னர்தான்: மீன்பிடித் திணைக்களத்து ஆராய்ச்சியாளராகிய துரைரத்தினம், மெட்கோவ் என்பவரோடு சேர்ந்து இலங்கையின் சிவப்புப்பாசி வளத்தைப் பற்றி 1950 களில் எழுதினார், இலங்கைக் கடற்பாசிகளைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 1961 இல் அத்திணைக்களத்தின் பத்தாவது வெளியீடாக வந்தது. நம் இனத்தவர் ஒருவர் இத்துறையில் முன்னோடியாக உழைத்ததை நம் பாடசாலைகள் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

கஞ்சிப்பாசியின் இனப்பெருக்கம் ஒரு தனிக் காவியம். சிவப்புப்பாசிகளின் ஆண்விந்துக்கு நீந்தும் வால் கிடையாது; பச்சைப்பாசியிலும் பழுப்புப்பாசியிலும் காணப்படும் அவ்வசதி இக்குலத்துக்கு அறவே இல்லை. ஆணுமாகாது பெண்ணுமாகாது வித்துக்களை மட்டும் தரும் ஒரு தலைமுறை, ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து நிற்கும் ஒரு தலைமுறை, தாயின் உடலிலேயே ஒட்டி வளரும் ஒரு தலைமுறை என மூன்றாக அதன் வாழ்வு சுழல்கிறது. நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய் விந்து பெண்பாசியைத் தொட்டால் உண்டு, இல்லையேல் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2022 இல் பிரான்சின் ரொஸ்கொவ் ஆய்வுநிலையத்தினர், கஞ்சிப்பாசியின் உறவினமாகிய ஒரு கிரசிலேரியாவில், அதன்மேல் ஊர்ந்து மேயும் இடோத்தேயா என்னும் சிறு ஓட்டுடலி தன் கால்களிலும் உடலிலும் விந்தைச் சுமந்து பெண்பாசியிடம் சேர்ப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். வண்டு பூவுக்குச் செய்யும் தொண்டு நிலத்தில் பூக்கள் தோன்றுமுன்னரே கடலில் நடந்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்துக்கு அது இடங்கொடுத்தது. இவ்வாறு ஒரு பாசியின் அந்தரங்க வாழ்வை அறிவது வெறும் வேடிக்கை என்று எண்ணவேண்டா. மான்செஸ்டரைச் சேர்ந்த கத்லீன் ட்ரூ 1949 இல், யப்பானியர் உண்ணும் நோரிப் பாசியின் உறவினமொன்று தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டினுள் நுண்ணிய இழையாகக் கழிக்கிறது என்று கண்டபின்னரே, அதுவரை விதியை நம்பி வலைகட்டிக் காத்திருந்த யப்பானியப் பாசிப் பயிராளர் தாமே விதை உண்டாக்கக் கற்றனர். அவ்வம்மையாருக்கு அங்கே நினைவுச்சின்னம் அமைத்திருக்கிறார்கள்; அவர் யப்பானை ஒருபோதும் கண்டதில்லை.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவைப் பற்றிச் சில சொற்கள். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட அத்தீவின் பவளப்பாறையைப் பார்க்கச் செல்வோர் அதனைக் கல்லென்றோ மலரென்றோ கருதித் திரும்புகிறார்கள். பவளம் விலங்கு, ஆனால் அதன் சதைக்குள்ளே நுண்பாசிகள் குடியிருந்து, தாம் சமைத்த சர்க்கரையின் பெரும்பங்கை அவ்விலங்குக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. கடல்நீரின் வெப்பம் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை, இரண்டு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால், அந்த ஒப்பந்தம் முறிந்து பாசிகள் வெளியேற, பவளம் வெளிறிப் பட்டினியால் மடிகிறது. 1998 இல் இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறையிலும் பவளங்கள் திரள் திரளாய் வெளிறி மாண்டபோது, திருகோணமலைப் பாறைகள் பெரிதும் தப்பின. தப்பின என்பது ஆறுதலே. ஆனால் அந்த ஆண்டின் அதிர்ஷ்டத்தை நிரந்தர வரமாக எண்ணுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. பவளம் செத்த இடத்தில், வெறும் பாறையின்மேல் நூற்பாசிகள் படரும். நீரில் உரச்சத்து மிகுந்து, மேயும் மீன்களும் பிடிபட்டுக் குறைந்துவிட்டால், புதிய பவளக் குஞ்சு ஒட்டுவதற்கு இடமே இராது. ஒரு பாசி பவளத்தை வாழ்விக்கிறது. வேறொரு பாசி அதன் மயானத்தில் குடியேறுகிறது.

இப்போது நீலப்பச்சைப் பாசியை முன்னர் விட்ட இடத்துக்கு வருகிறேன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் சேர்கிறது. மலைநாட்டில் அதன் கிளையாற்றைத் தடுத்து 1985 இல் கட்டி முடித்த கொத்மலை நீர்த்தேக்கத்தில், ஆறு ஆண்டுகள் கழித்து மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நீர் முழுவதையும் பச்சைக் குழம்பாக்கிப் பெருகியது. வயலுக்கு நைதரசன் கொடுத்து நமக்குச் சோறூட்டிய அதே குலத்தது இது. ஆனால் இந்த இனம் ஈரலைத் தாக்கும் நஞ்சைத் தன்னுள் கொண்டது. மரக்கறித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் குடியிருப்புகளும் சூழ்ந்த மலைச்சரிவிலிருந்து மண்ணும் உரமும் கழிவும் வந்து தேங்கிய நீருக்கு எந்தப் பாசி இசைந்ததோ அந்தப் பாசி வந்தது. குற்றம் பாசியினுடையதா?

கடலின் மிதவைப் பாசிகளின் உடலில் 106 பங்கு காபனுக்கு 16 பங்கு நைதரசனும் ஒரு பங்கு பொசுபரசும் உள்ளன என்று அமெரிக்கராகிய ரெட்ஃபீல்ட் கணக்கிட்டதை மாணவர் நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில் எது குறைவாயிருக்கிறதோ அதுவே வளர்ச்சியின் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கிறது. கனடாவில் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானி 1973 இல் ஓர் ஏரியின் நடுவே திரையிட்டு அதனை இரண்டாக்கி, ஒரு பாதியில் காபனும் நைதரசனும், மறுபாதியில் அவற்றோடு பொசுபரசும் இட்டார். முதற்பாதி தெளிந்தே இருந்தது. பொசுபரசு பெற்ற பாதி சில வாரங்களுக்குள் பச்சை பூத்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் புகைப்படம், சவர்க்காரத் தூளிலிருந்து பொசுபரசை நீக்கச் சொல்லிய வாதத்துக்கு ஆயிரம் பக்க அறிக்கையினும் வலுவான சாட்சியாயிற்று. நன்னீரில் பொசுபரசு செய்யும் காரியத்தைக் கடலில் பெரும்பாலும் நைதரசன் செய்கிறது. வயலில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய யூரியா குடாவில் போய்த் தன் விளைச்சலைக் காட்டுகிறது. அவ்விளைச்சல் நாம் விரும்பும் தயற்றமாக இருக்கவேண்டுமென்ற நியதி இல்லை.

எதிர்க்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடல் கரும்பச்சையாய் மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. இரவில் அலை மோதும்போது நீலவொளி வீசும் நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதே காரணம். அப்பகுதி மீனவர் அதனைப் பூங்கோரை என்கிறார்கள். இவ்வாறான பெருக்கத்தில் மீன்கள் சாவதற்கு நஞ்சே காரணமாக இருக்கவேண்டியதில்லை. பெருகியவை ஒருங்கே மடிந்து அழுகத் தொடங்கும்போது, அழுக்குண்ணும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில், ஒளிச்சேர்க்கை தொடங்குமுன், நீரில் மூச்சு மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில், மீன்கள் மூச்சடைத்துச் சாகின்றன. வாய் குறுகி நீர் மெல்லவே மாறும் உட்துறைமுகத்தின் மூலைகளும் தம்பலகாமக் குடாவும் அத்தகைய விபத்துக்குத் திறந்த கடலைவிட இலக்காகத் தக்கவை என்பது என் துணிபு.

கடைசியாக, இக்காலத்தில் வாழ்வாதாரம் என்ற பெயரால் எல்லோர் வாயிலும் அடிபடும் பாசிப்பயிர் பற்றிச் சொல்லியாகவேண்டும். வட மாகாணக் கரைகளில் இப்போது கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் கப்பாஃபைக்கஸ், பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்டது. வேகமாய் வளர்வது, நிலையான கொள்வனவு உடையது, கரையோரப் பெண்களுக்குக் கையில் காசு தருவது. இவற்றை மறுப்பவன் நான் அல்லேன். ஆயினும் இராமேஸ்வரத்தை அடுத்த குருசடைத் தீவில் அதே பாசி பயிரிலிருந்து தப்பிச்சென்று உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008 இல் இந்திய ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்கள். முறிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகத்தக்க ஓர் அந்நியப் பாசியைப் புறாத்தீவுக்கு அண்மையில் கொண்டுவருவதற்கு முன்னர், கொட்டியாரத்தில் தானே விளைந்த கஞ்சிப்பாசியைக் கயிற்றில் ஏற்றிப் பார்ப்பதுதானே முறை?

அதற்குரிய இடர்களையும் மறைக்கமாட்டேன். கஞ்சிப்பாசிக்குக் கிடைக்கும் விலை குறைவு, வளர்ச்சி மெதுவு. இயற்கையில் வளர்வதை அடியோடு பிடுங்கியெடுக்கும் வழக்கத்தை விட்டு, பற்றியிருக்கும் அடித்தண்டை நிறுத்தி மேற்பகுதியை மட்டும் வெட்டவேண்டும். நின்ற அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். கயிற்றில் ஏற்றினால் ஓரா மீன் கூட்டமாய் வந்து இளந்தளிரை மேய்ந்துவிடுமாகையால், முதல் சில வாரம் வலைப்பைக்குள் வைத்துக் காக்கவேண்டும். வாடை தொடங்கி மகாவலி பெருக்கெடுத்தால் குடாவின் மேல்நீர் உப்புக் குறைந்து கலங்கி, நாட்கணக்கில் அவ்வாறே கிடக்கும். அதற்கு முன் அறுவடையை முடித்துக் கயிறுகளைக் கரையேற்றிவிடவேண்டும். அடுத்த பருவத்துக்கான விதைப்பாசியை அம்மாதங்களில் ஆற்றுநீர் எட்டாத எந்தக் கரையில் காத்து வைப்பது என்பது பரிசோதித்துத்தான் அறியப்படவேண்டும். ஆற்றுவாயிலிருந்து விலகிய குச்சவெளிப் பக்கத்துக் களப்பு நீரில் சில கயிறுகளைக் கட்டிப் பார்ப்பதே முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.